அவரவர் வினையும் அடுத்த வீட்டுப் பல்லும்

பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், ஈறு நோய்ப் பாடத்துக்கு வரும்போது இலங்கையின் எங்கள் மலைநாட்டைத் தொடாமல் போகமுடியாது. பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களில் 1970ஆம் ஆண்டு 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திறக்கச் சொல்லி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்லிய அளவுக் கம்பியை விட்டு, எத்தனை மில்லிமீற்றர் பிடி விட்டிருக்கிறது என்று அளந்து எழுதினார்கள். ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பேராசிரியரின் குழு அது. ஒஸ்லோவில் படித்தவர்களின் வாயையும் அதேமாதிரி அளந்து வைத்திருந்தார்கள். இங்கே 1985 வரை திரும்பத் திரும்ப வந்து, அதே ஆட்களைத் தேடிப்பிடித்து அளந்தார்கள்.

1986இல் முடிவு வெளிவந்தது. இந்த ஆட்களுக்குப் பல் தூரிகை பழக்கமில்லை, பல் வைத்தியரைக் கண்டதும் இல்லை. எல்லோருடைய பல்லிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன. எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. சொத்தைப் பல் மட்டும் கிட்டத்தட்ட யாருக்குமே இல்லை. இத்தனைக்குப் பிறகும் நோய் எல்லோரையும் ஒரேமாதிரித் தாக்கவில்லை. நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் படுவேகம்: இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பதில் இருபது பல் போய், நாற்பத்தைந்தில் வாய் வெறுமையாகிவிட்டது. 81 பேருக்கு நடுத்தர வேகம். மீதி 11 பேருக்கு வீக்கத்தோடு சரி, பல்லின் பிடி அசையவே இல்லை. 2010இல் மறுபடியும் தேடிப்போனபோது அந்த 480 பேரில் 75 பேரைத்தான் பார்க்கக் கிடைத்தது. ஒரு பல்லும் விழாதவரும் அவர்களில் இருந்தார், 28 பல் போனவரும் இருந்தார்.

பேராதனையில் பல் வைத்தியம் படித்த என் பழைய மாணவி ஒருத்தி இதைச் சொன்னபோது, முதலில் எனக்கு ஒரு கோபம்தான் வந்தது. 480 பேரும் ஆண்கள். கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாமாரின் வாயை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மலையில் பசிக்கும்போது அதுதான் சாப்பாடு. என் அம்மாவின் கடைவாய்ப் பற்கள் ஆடியபோது அவர் அதை நோய் என்றே நினைக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு பல் என்று கணக்குச் சொல்வார். எத்தனை பிள்ளை பெற்றாரோ அத்தனை பல். விழுந்த பல்லை லயத்துக் கூரையில் எறிந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்.

நான் றொசல்லயில் இருந்துகொண்டு முப்பது வருடம் போல சைவநெறி படிப்பித்தவள். பதினோராம் ஆண்டு வகுப்பில் கன்மம் பற்றிய பாடம் வரும். தொல்வினை, நுகர்வினை, ஏறுவினை என்று மூன்றையும் கரும்பலகையில் எழுதி, சஞ்சிதம் எது, பிராரத்தம் எது, ஆகாமியம் எது என்று விளக்கி முடிக்கும்போது, கடைசி வாங்கிலிருந்து ஏதாவது கேள்வி வராமல் இருக்காது. ஒரு வருடம் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்த பையன் ஒருவன் கேட்டான்:

“டீச்சர், பல்லு வலியும் முன்வினையா? அப்ப குளிசை போட்டா வினைய தீத்துப்போடுறோமா, இல்ல தள்ளிப்போடுறோமா?”

வகுப்பே சிரித்தது. கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை. நுகர்வினையை அனுபவித்தே தீர்க்கவேண்டும் என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் நான் சொல்லியிருந்தேன். அனுபவிக்கவேண்டியதை அமொக்ஸிசிலின் போட்டு நிறுத்தலாமா?

இதற்குச் சைவப் பிரசங்கிமார் வைத்திருக்கிற பதில் ஒன்று உண்டு. நோய் வருவதும் வினை, மருந்து கிடைப்பதும் வினை, அது பலிப்பதும் வினை. கெட்டிக்காரத்தனமான பதில். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் இதையே சொல்லலாம் என்பதுதான் இதில் உள்ள கோளாறு. கிடைக்காதவனுக்கு என்ன சொல்வது? மருந்து கிடைக்காததும் அவன் வினை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். தோட்டத்தில் நூற்றைம்பது வருடமாகப் பலபேர் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

டன்சினன் கணக்கு எனக்கு இங்கேதான் உதவியது. எட்டு, எண்பத்தொன்று, பதினொன்று என்ற பிரிவைப் பாருங்கள். ஒரே லயம், ஒரே சாப்பாடு, ஒரே அழுக்கு. ஒருவனுக்கு நாற்பத்தைந்தில் வாய் காலி, பக்கத்துக் காம்பராக்காரனுக்கு ஒரு பல்லும் ஆடவில்லை. பரம்பரை, உடம்பின் எதிர்ப்பு, வாயில் குடியிருக்கிற கிருமிக் கூட்டத்தின் வகை, புகை, வெற்றிலை என்று விஞ்ஞானிகள் காரணம் தேடுகிறார்கள், கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. அந்த மீதிப் புதிருக்கு ஒருவர் வினை என்று பெயர் வைத்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆளுக்கு ஆள் வேறுபடுகிற இடத்தில் அந்தச் சொல்லுக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது.

480 பேருக்கும் பொதுவாக இருந்ததற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. பல் தூரிகை இல்லை, பல் வைத்தியர் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்த உரிமை 1970இல் இன்னும் பலருக்குத் திரும்பவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி யார் இந்தியா போவது, யார் இங்கே இருப்பது என்ற இழுபறி நடந்துகொண்டிருந்தது. அளந்துகொண்டிருந்த வருடங்களுக்குள்ளேதான் 1973–74 பஞ்சமும் வந்தது, தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. அந்த 480 பேரும் போன பிறப்பில் ஒரே பாவத்தைப் பங்கு போட்டுச் செய்து, பிறகு ஒரே மலைக்கு வந்து பிறந்தார்களா? ஒஸ்லோக்காரர்கள் சின்ன வயதிலிருந்தே பள்ளிக்கூடத்திலேயே பல் வைத்தியம் கண்டவர்கள். அவர்கள் எல்லோரும் கூட்டாகப் புண்ணியம் செய்தார்களா? ஒரு ஊருக்கே ஒரேமாதிரி வருகிற கஷ்டத்தைத் தலையெழுத்து என்பவர், அதை எழுதிய கையை மறைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். எழுதியது பெரும்பாலும் சட்டம், சம்பளப் பட்டியல், கம்பெனிக் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், இதை எங்களுக்கு அழுத்தமாகச் சொன்னவர் எங்கள் சமயத்தவர் இல்லை. பௌத்தர்களின் சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராசகன் புத்தரிடம் வந்து கேட்கிறான்: மனிதன் அனுபவிக்கிற இன்ப துன்பம் எல்லாம் முற்பிறப்பு வினையால்தான் என்று சில துறவிகள் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றும் கூடியது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, பிறர் செய்யும் கொடுமை; இவை ஏழும் போக எட்டாவதாகத்தான் வினை. எல்லாமே வினை என்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று அவர் முடிக்கிறார். நான் இதைச் சைவநெறி வகுப்பில் சொன்னேன். பௌத்த நாட்டில் இருந்துகொண்டு புத்தர் சொன்ன நல்ல பேச்சைக் கேட்காமல் விடுவது என்ன சைவம்? இதே நாடு புத்தரின் ஒரு பல்லுக்காகக் கண்டியில் மாளிகை கட்டிப் பூசை செய்கிறது; அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். மலையில் ஆடுகிற பற்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தால் இன்னும் மதித்திருப்பேன்.

வள்ளுவரும் இதில் ஒரு பக்கம் சாயவில்லை. ஊழ் என்று ஓர் அதிகாரம் எழுதி அதை மிஞ்சியது எதுவுமில்லை என்றவர், ஆள்வினையுடைமை என்று இன்னொன்று எழுதி, சளைக்காமல் முயன்றவன் ஊழையும் முதுகு காட்ட வைப்பான் என்றார். அதற்கும் அப்பால் மருந்து என்று ஓர் அதிகாரம். ஊழே எல்லாம் என்றிருந்தால் 95ஆம் அதிகாரத்துக்கு அவருக்கு என்ன தேவை?

பல் வலிக்கு எங்கள் பக்கத்துக் கைவைத்தியம் எல்லோருக்கும் தெரியும். கராம்பை நசுக்கி வைப்பார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார்கள், சித்தாலேப பூசுவார்கள். கண்டங்கத்தரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்துப் ‘பல்லுப்பூச்சி’ விழுத்துகிறவர்களும் இருந்தார்கள். வாழையிலையில் விழுந்து கிடந்த வெள்ளைத் துணுக்குகளை நானே பார்த்திருக்கிறேன். அவை விதையின் துணுக்குகள். ஆனாலும் அந்தக் கிழவிமார் முழுக்கப் பொய் சொல்லவில்லை. வாய்க்குள் உயிர்கள் இருக்கின்றன. 1683இல் ஒல்லாந்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் பல்லழுக்கைச் சுரண்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன் நாட்டுச் சனத்தொகையை விட அதிகமான உயிர்கள் தன் வாயில் இருப்பதாக லண்டனுக்குக் கடிதம் எழுதினார். பல்லில் படிகிற அழுக்கு, கிருமிகள் கூடிக் கட்டிய படலம். றொசல்ல வட்டவளைப் பக்கம் வருடமெல்லாம் மழை. கோயில் படியில் பிடித்த பாசி எத்தனை மழை பெய்தாலும் போகாது, தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்தப் படலமும் அப்படித்தான். குளிசை அதன் மேலே மழை மாதிரிப் போய்விடும். பல் துலக்கினால், காரையைச் சுரண்டினால் மட்டுமே அது கழன்று வரும். டன்சினனுக்கு வரும் முன்பே, 1965இல், லோ இதைக் காட்டியிருந்தார். பன்னிரண்டு பேரைப் பல் துலக்காமல் இருக்கவைத்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கியதும் ஒரு வாரத்தில் வற்றியது. ஒரு குளிசையும் கொடுக்கவில்லை.

ஆனால் குளிசை இல்லாமல் ஆள் செத்துப்போகிற நேரமும் ஒன்று இருக்கிறது. அதையும் நான் கிட்ட நின்று பார்த்தேன்.

பக்கத்து லயத்துப் பையன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்தவனுக்கு இரண்டாம் நாள் தாடை வீங்கியது. கூவைக்கட்டு என்றார்கள். பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, ஆத்தாக்காரி பெட்டியிலிருந்த ஒற்றைச் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்பினார்கள். நான் போய்ப் பார்க்கும்போது அவன் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு முன்னுக்குக் குனிந்திருந்தான். எச்சில் வடிந்துகொண்டிருந்தது, விழுங்க முடியவில்லை. பேச்சு, வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறமாதிரி வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் முதலில் கன்னத்தைப் பார்க்கவில்லை. நாக்கைத் தூக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை, நாக்கே மேலே ஏறி நின்றது. நாடிக்குக் கீழே விரல் வைத்து அழுத்தினார். பலகை மாதிரி இறுகியிருந்தது.

“இது கூவைக்கட்டு இல்லம்மா. கீழ்க் கடவாய்ப் பல்லுச் சீ உள்ளுக்கு இறங்கிருச்சு. விடியிற வரைக்கும் வச்சிருந்தா மூச்சு அடைச்சிரும். த்ரீவீலரக் கூப்பிடுங்க, டிக்கோயாவுக்கு.”

இதை 1836இல் லூட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் முதலில் விவரித்தார்; அவர் பெயராலேயே சொல்கிறார்கள். பென்சிலின் வருவதற்கு முன்னால் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் செத்தார்கள். சொத்தைப் பல்லில் ஆளா சாவான் என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த இரவு ஹட்டன் வழியாக அவனைக் கொண்டுபோனார்கள். இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் மோடி வந்து திறந்துவைத்த ஆஸ்பத்திரி. நரம்பில் மருந்து ஏற்றினார்கள், கீறிச் சீயை வடித்தார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். மருந்து கிருமியை அமர்த்தியது, கத்தி வழி திறந்தது, பல் போனதில் மூலம் போனது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் போதாமல் போயிருக்கும்.

ஆத்தாக்காரி ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தாள். முகத்தில் சந்தோசமும் இருந்தது, பயமும் இருந்தது.

“டீச்சர், அன்னைக்கு ராத்திரி த்ரீவீலர்ல போறப்ப நேந்துகிட்டேன். புள்ள பொழைச்சா திருவிழாவுல வாய்ப்பூட்டு போடுறேன்னு. டொக்டரு இப்ப வாயத் தொடவே கூடாதுங்கிறாரு. மாத்திக்கிட்டா ஆத்தா கோவிச்சுக்குவாளா?”

கன்னத்தில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுக்கிற வேலைப் பற்றி அவள் சொல்கிறாள். எங்கள் மாரியம்மன் திருவிழாக்களில் வருடாவருடம் நடக்கிறது. வாய்க்குள் இரத்த ஓட்டமும் எச்சிலும் அதிகம் என்பதால் அங்கே காயம் தோலில் ஆறுவதை விட விரைவாக ஆறும். விபூதி வைத்து இரண்டு நாளில் ஆறிவிட்டது என்று பக்தர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் சீ வடித்த வாய் அந்தக் கணக்கில் சேராது.

“கொடுத்த வாய அவளே திருப்பிக் கேக்கமாட்டா, தங்கச்சி. பால்கொடம் எடுக்கச் சொல்லு,” என்றேன்.

“குத்தம் வராதா டீச்சர்?”

“வந்தா என் பேர்ல எழுதச் சொல்லு.”

அவள் சிரித்துக்கொண்டு போனாள். நேர்த்தியை மாற்றச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று கோயில் கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். அப்பரைச் சூலை நோய் திருவதிகைக்குக் கொண்டுபோனது என்று படிப்பிக்கிறோம். நோய் ஒருவரைக் கடவுளிடம் கொண்டுபோகலாம். அதற்காக நோயைக் கடவுள் என்று வைத்துக்கொள்ளவேண்டிய கட்டாயம் சைவத்தில் எங்கேயும் இல்லை. அவள் த்ரீவீலரில் கும்பிட்டதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஹட்டன் வரைக்கும் அவளுக்கு வேறு மருந்து கையில் இருக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பையனுக்கு வீட்டுக்குக் கொடுத்துவிட்டது அமொக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும். இந்த இரண்டாவது குளிசைக்கு வாயோடு உள்ள உறவே தற்செயலானது. வேறொரு நோய்க்காக அதைக் குடித்த பெண் ஒருத்தி தன் ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறியதாகச் சொல்ல, இங்கிலாந்தின் ஷின் என்ற பல் வைத்தியர் அதைப் பிடித்துக்கொண்டு 1962இல் எழுதினார். அதைக் குடிக்கும்போது சாராயம் தொட்டால் வாந்தியும் படபடப்பும் ஆளை உலுக்கிவிடும் என்று எச்சரிப்பார்கள். டிஸ்பென்சரி ஐயா அதைச் சொல்லிச் சிரிப்பார்: டீச்சர் முப்பது வருசமா சொல்லி நிறுத்தாதத இந்தக் குளிசை அஞ்சு நாளைக்கு நிறுத்துது.

பையன் குளிசையை முடிக்கவில்லை. வீக்கம் வற்றியதும் மிச்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு வைத்தார்கள். பிறகு அந்தப் போத்தல் லயத்தில் நடந்தது. ஒரு வீட்டில் அப்பாவுக்குப் பல் வலி, இரண்டு. அடுத்த காம்பராவில் பிள்ளைக்குத் தடிமன், ஒன்றைப் பாதியாக உடைத்து. இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. லயத்தில் உப்பும் மண்ணெண்ணெயும் கைமாற்றுக் காசும் எப்படிப் போகுமோ அப்படிக் குளிசையும் போகிறது. இல்லாதவனுக்குக் கொடுப்பது தர்மம் என்று நான்தானே படிப்பித்தேன். அதோடு, பல்லைப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். நாட்கூலியே 2024இல்தான் 1350 ரூபாவாக உயர்ந்தது; ஒரு பேரை விடுவதற்கு எந்த வீட்டிலும் துணிய மாட்டார்கள். ஓசிக் குளிசை வலியை இரண்டு நாள் அடக்குகிறது, பேர் விழுகிறது. பல்லின் நடு நரம்பு செத்துப்போனால் அங்கே இரத்தம் ஓடாது, இரத்தத்தோடு போகிற மருந்து அங்கே சேராது, மூலம் அப்படியே இருக்கும் என்று அந்த நேரத்தில் யார் நினைப்பார்கள்?

ஏறுவினை என்ற பாடத்தை நான் புதிதாகப் படித்தது இங்கேதான். அவரவர் வினை அவரவர்க்கு என்பது எங்கள் சாத்திரத்தின் உறுதியான கட்டு. ஒருவன் செய்ததை இன்னொருவன் அனுபவிக்க முடியாது. அப்படி முடிந்தால் கடவுளின் நீதியே ஆடிப்போகும். கிருமி அந்தக் கட்டுக்குள் நிற்கவில்லை. நான் தேவையில்லாமல் குடித்த இரண்டு குளிசையில் மெலிந்த கிருமிகள் செத்து, தாங்கிய கிருமிகள் மிஞ்சுகின்றன. மிஞ்சியவை என் வாயோடு நிற்பதில்லை. எச்சிலில், கையில், தேநீர்க் கோப்பையில் பக்கத்துக் காம்பராவுக்குப் போகின்றன. அங்கே நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, மருந்து கேட்காமல் போனால், அந்தப் பிள்ளை அனுபவிப்பது யாருடைய வினை? பென்சிலினுக்காக நோபல் பரிசு வாங்கப் போன இடத்தில், 1945 டிசம்பரில், பிளெமிங் கிட்டத்தட்ட இதையே கதையாகச் சொன்னார்: அரைகுறையாகப் பென்சிலின் குடித்த கணவன் பிழைக்கிறான், அவனிடமிருந்து தொற்றிய கிருமி மருந்துக்கு மசியாமல் மனைவி சாகிறாள். அவர் கேட்டதும் இதே கேள்விதான், பொறுப்பு யாருடையது என்று. 2019இல் மட்டும் மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேரடியாக உலகத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் செத்ததாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

சாத்திரத்தைத் திருத்த நான் யார்? ஆனால் வகுப்பில் ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். வினை ஆளோடு ஒட்டியது என்று வைத்துக்கொண்டாலும், அதன் தூசி ஊர் முழுக்கப் படிகிறது. ஆகவே குளிசைப் போத்தலைத் திறக்கும்போது லயத்தில் எத்தனை காம்பரா இருக்கிறது என்று எண்ணிப்பார்க்க வேண்டும். பரீட்சையில் இதற்கு மார்க் கிடைக்காது.

சமணர் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. திகம்பரத் துறவிகளின் இருபத்தெட்டு மூல குணங்களில் பல் துலக்காமையும் ஒன்று. சம்பந்தரும் அப்பரும் தேவாரத்தில் அந்த அழுக்குப் பல்லைக் கேலி செய்திருக்கிறார்கள். அந்தக் கேலியை வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் நன்றாகச் சிரிப்பார்கள். பல் தூரிகை இல்லாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளை மட்டும் சிரிக்காது. ஆகவே நான் அதை விட்டுவிட்டேன். ஆனால் சமணரின் கொல்லாமையை யோசித்துப் பார்த்தால், அது இன்றைய டொக்டர்மார் சொல்வதற்கு மிகக் கிட்ட வருகிறது. வாய்க்குள் நூற்றுக்கணக்கான வகை உயிர்கள். பெரும்பாலானவை சும்மா இருக்கின்றன, சில நமக்கு உதவியாகவே இருக்கின்றன. எதையும் கொல்லாமல் மனிதன் வாழமுடியாது என்பதைச் சமண இல்லறத்தாரும் ஒப்புக்கொண்டவர்கள்தான். அவர்கள் வைத்த கட்டுப்பாடு, தேவையில்லாமல் கொல்லாதே என்பது. சும்மா பல் கூசினால், ஈறில் கொஞ்சம் இரத்தம் கண்டால், பல் பிடுங்கிய இடம் சாதாரணமாக வலித்தால் கிருமிக்கொல்லி வேண்டாம் என்று பல் வைத்தியர் சொல்வதும் அதே கட்டுப்பாடுதான். காய்ச்சல், பரவுகிற வீக்கம், வாய் திறக்க முடியாமை என்று வந்தால் அப்போது கொல்லவேண்டும், சரியான அளவில், சொன்ன நாள் வரைக்கும். வள்ளுவர் கொல்லாமை என்ற 33ஆம் அதிகாரத்தையும் மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தையும் ஒரே நூலில் வைத்ததில் எனக்கு முரண் தெரியவில்லை.

டன்சினன் ஆராய்ச்சி சரியா பிழையா என்று என் மாணவி என்னிடம் கேட்டாள். மருந்து படாத நோயின் இயற்கைப் போக்கைப் பார்ப்பதுதான் அதன் நோக்கம். தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. அங்கே கிடைத்த அறிவால் உலகத்தில் எத்தனையோ பேருடைய பல் தப்பியிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சிவனைச் சாட்சி என்று சொல்கிற சமயம் எங்களுடையது. சாட்சியாக மட்டும் நிற்பது கடவுளுக்குப் பொருந்தும். அளவுக் கம்பியோடு வந்தவர்களும், அவர்களை வரவிட்ட அரசாங்கமும், தோட்டத்தை நடத்தியவர்களும் மனிதர்கள். பதினைந்து வருடம் போய் வந்த பாதையில் ஒரு பல் வைத்தியரும் போய் வந்திருக்கலாம். என் தீர்ப்பு அவ்வளவுதான்.

கோயில் கமிட்டிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். திருவிழாவுக்கு மோர்ப் பந்தல் போடுகிறீர்கள், மைக்செட் வைக்கிறீர்கள், வாணவேடிக்கைக்குப் பணம் சேர்க்கிறீர்கள். இந்த வருட நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பால்குடம் புறப்படுகிற காலையில், பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் ஒரு பல் வைத்தியரும் வேண்டும் என்று கேளுங்கள். தேர் பார்க்க வருகிற அம்மாமார் அன்றைக்கு எப்படியும் பேர் விடத்தான் போகிறார்கள். ஐந்து நிமிடம் வாயைக் காட்டிவிட்டுப் போகட்டும். வீட்டில் மிச்சக் குளிசைப் போத்தல் இருந்தால் அதையும் கையோடு எடுத்துவந்து அந்த மேசையில் வைத்துவிடச் சொல்லுங்கள்.